பல்லில் கிளிப் போட்டிருக்கிறீர்களா? உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கும் முறை

கிளிப் மாட்டினால் பல் வலிக்கும் என்று எல்லோரும் முன்பே சொல்லியிருந்தார்கள். வலித்தது. ஆனால் மூன்றாம் நாள் என்னைச் சாப்பிட விடாமல் செய்தது பல் இல்லை, கன்னத்தின் உட்பக்கம். பல்லின் மேல் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டான பிராக்கெட் உரசி உரசி அங்கே ஒரு புண் வந்துவிட்டது. "உப்புத் தண்ணீரில் கொப்பளி" என்றார்கள். எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டு, டீ குடிக்கிற சூட்டில் வாயில் ஊற்றினேன். புண்ணோடு சேர்த்து நாக்கும் வெந்ததுதான் மிச்சம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உப்புத் தண்ணீர் கன்னம், உதடு, ஈறு ஆகிய சதைப் பகுதிகளுக்கானது. கம்பி இழுப்பதால் பல்லில் வரும் வலி, வேரைச் சுற்றியுள்ள திசுவில் ஏற்படும் அழுத்தத்தால் வருவது. கொப்பளித்தால் அது போகாது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருந்து, ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும்.

1. கலக்குவது

ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு. எடையில் ஏறக்குறைய 3 கிராம். கல் உப்பு வேண்டாம். சரியாகக் கரையாத ஒரு துணுக்கு புண்ணில் போய் உட்கார்ந்தால் தெரியும் சேதி.

ஏன் இந்த அளவு? நம் உடம்புத் திரவங்களின் உப்புத்தன்மைக்குச் சமமான சலைன் நீரில் உப்பு 0.9 சதவீதம். நம் டம்ளரில் இருப்பது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மூக்கில் வெறும் தண்ணீர் ஏறினால் சுரீரென்று எரிகிறது, சலைன் விட்டால் அவ்வளவு எரிவதில்லை அல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், ஈறிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை 0.9 முதல் 1.8 சதவீத உப்பு நீரில் சிறிது நேரம் வைத்தபோது, கீறிய இடம் விரைவாக மூடியது. அது தட்டில் வளர்த்த செல்கள், வாய் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நம் அளவு அந்த எல்லைக்குள்தான் வருகிறது. உப்பைக் கூட்டினால் புண் சீக்கிரம் ஆறும் என்று நினைக்க வேண்டாம். எரிச்சல்தான் கூடும்.

2. சூடு பார்ப்பது

மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடாகவும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. வாய் வெந்துபோகும் என்பதோடு, கிளிப் போட்டவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொடக்கத்தில் போடும் மெல்லிய கம்பி பெரும்பாலும் நிக்கல் டைட்டானியத்தால் ஆனது. சூடு பட்டால் அது விறைத்து இழுக்கும், குளிர்ச்சி பட்டால் கொஞ்ச நேரம் தளரும். டைட் செய்துவிட்டு வந்த அன்று சூடான தண்ணீரில் கொப்பளித்துவிட்டு "வலி கூடிவிட்டதே" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. அந்த வலிக்குக் குளிர்ந்த வெறும் தண்ணீரை வாயில் சிறிது நேரம் வைத்திருந்தாலே ஓரளவு இதமாக இருக்கும்.

3. நேரம் பார்ப்பது

சாப்பிட்ட பிறகு கொப்பளிப்பது நல்லது. முதலில் வெறும் தண்ணீரால் வாயைக் கழுவி, கம்பியில் சிக்கிய துணுக்குகளை வெளியேற்றுங்கள். பல் தேய்த்த கையோடு மட்டும் கொப்பளிக்காதீர்கள். பற்பசையிலுள்ள ஃபுளோரைடு பல்லின் மேல் கொஞ்ச நேரம் தங்க வேண்டும், உடனே கொப்பளித்தால் அதுவும் அடித்துக்கொண்டு போய்விடும். அரை மணி நேரமாவது விடுங்கள். பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் வராமல் காப்பதில் ஃபுளோரைடுக்குப் பெரிய பங்கு உண்டு.

4. கொப்பளிப்பது

பிராக்கெட் உரசாமல் இருக்க அதன் மேல் வைக்கும் மெழுகு, அதாவது வேக்ஸ், ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு வாய் தண்ணீர் எடுத்து, தலையைப் புண் இருக்கும் பக்கம் சாய்த்து, மெதுவாக 30 வினாடி அலசித் துப்புங்கள். அண்ணாந்து 'களகள' என்று கொப்பளிக்கத் தேவையில்லை, அது தொண்டைக்கானது. வேகமாக அலசினால் கன்னம் பிராக்கெட்டில் மறுபடி உரசும். டம்ளர் தீரும்வரை இப்படியே. விழுங்காதீர்கள், முக்கியமாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். துப்பத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

5. வேக்ஸ் வைப்பது

பலர் விட்டுவிடும் படி இதுதான். புண்ணை ஆற்றிக்கொண்டே, அதை உண்டாக்கிய பிராக்கெட்டை அப்படியே விட்டால் என்ன பயன்? துப்பியதும் மெல்லிய காகிதத்தால் அந்த பிராக்கெட்டை ஒற்றி ஈரம் போக்குங்கள். ஒரு பட்டாணி அளவு வேக்ஸை விரலில் உருட்டி அதன் மேல் அழுத்துங்கள். ஈரத்தில் வேக்ஸ் நிற்காது. நான் ரொம்ப நாள் வேக்ஸை வைத்துவிட்டுத்தான் கொப்பளித்தேன், ஒவ்வொரு முறையும் அது தொட்டியில் போய் விழுந்தது.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். கன்னம் பழகச் சில நாளிலிருந்து ஓரிரு வாரம் வரை ஆகும், அப்புறம் நிறுத்திவிடலாம். அடுத்த முறை டைட் செய்து புதிதாக உரசினால் மறுபடி தொடங்கலாம். பிரஷ்ஷுக்குப் பதிலாக மட்டும் இதை நம்ப வேண்டாம். பல்லில் ஒட்டிய அழுக்குப் படலம் தேய்த்தால்தான் போகும். கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி துருப்பிடிக்காதா என்ற பயம் எனக்கும் இருந்தது. எச்சிலிலேயே உப்பு இருக்கிறது, அதில் மாதக் கணக்கில் ஊறத்தான் இந்த உலோகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரை நிமிட அலசலுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது.

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், சீழ், காய்ச்சல், முகவீக்கம் என்றால் டம்ளரை வைத்துவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள். கம்பி முனை நீட்டிக்கொண்டு குத்தினாலும் எத்தனை முறை கொப்பளித்தாலும் தீராது. பென்சிலின் சுத்தமான ரப்பர் முனையால் மெல்ல உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். மடங்கவில்லையென்றால் அதன் மேல் வேக்ஸ் வைத்துவிட்டு கிளினிக்குக்கு போன் செய்யுங்கள், நீட்டிய முனையை வெட்டிவிட அவர்களுக்குச் சில நிமிடம் போதும்.