புறாத்தீவில் ஸ்நோர்கல்: கச்சான் காற்று நாளில் ஏமாற்றும் கடல்

மே பிறந்தால் திருகோணமலை நிலாவெளிக் கரையில் மாஸ்க்கும் மூச்சுவிடும் குழாயும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு புறாத்தீவுக்குப் படகேறும் கூட்டம் தொடங்கிவிடும். ஆரம்பத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகளைத்தான் ஒவ்வொரு பருவமும் புதியவர்கள் விடுகிறார்கள். தண்ணீர் குடியுங்கள், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. அதை விட்டுவிடுவோம்.

மாஸ்க்கைக் கரையில் பார்த்து எடுக்காதது

பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விழுந்தால் வேறொன்று கேளுங்கள். பட்டியை இறுக்கி ஒழுக்கை நிறுத்த முடியாது. இறுக்க இறுக்க விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். முடி ஓர் இழை உள்ளே அகப்பட்டாலும் தண்ணீர் வரும்.

லைஃப் ஜக்கெட்டைச் சட்டை போலக் கொழுவிக்கொள்வது

எல்லாக் கொக்கியையும் பூட்டிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தண்ணீரிலும் அப்படியே ஏறும், வாய் தாழ்ந்துவிடும். சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

அலை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது

எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாத விஷயம் இதுதான். இன்றைக்கும் பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது. சொன்னால் நம்பமாட்டார்கள், கண்ணெதிரே கடல் குளம் போலக் கிடக்கிறதே.

மே முதல் செப்டெம்பர் வரை இங்கே வீசுவது கச்சான். தரையைக் கடந்து வந்து கடலை நோக்கி வீசும் காற்று. அலை எழும்ப, காற்று நீர்ப்பரப்பில் கொஞ்சத் தூரமாவது ஓடவேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லாததால் சிற்றலைகூட இராது. வெளியே போகப் போகத்தான் நுரை தெரியும். கரையில் நிற்பவர் பார்ப்பது அலைகளின் முதுகை. அதனால் அந்த நுரையும் குறைவாகவே படும்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரி. முகம் தண்ணீருக்குள், கீழே முருகைக்கல்லும் (பவளப்பாறை) கிளிமீனும். காற்றும் நீரும் தள்ளுவதால் காலடிக்காமலே உடம்பு நகர்கிறது, நன்றாக நீந்துகிறோம் என்று தோன்றும். பதினைந்து நிமிடம் கழித்துத் தலை தூக்கினால் படகு விரலளவு. இப்போது காற்று முகத்தில் அடிக்கிறது, குழாய்க்குள் சிற்றலை ஏறுகிறது, மூச்சு தடுமாறுகிறது. பழக்கமில்லாதவர் நிமிடத்துக்கு 30 மீற்றர் நீந்தினாலே பெரிது. மணிக்கு ஒரு கடல்மைல் ஓடும் நீரும் நிமிடத்துக்கு அதே 30 மீற்றர்தான் இழுக்கும். எவ்வளவு அடித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள், களைப்பு மட்டும் ஏறும்.

இறங்குமுன் நங்கூரமிட்ட வள்ளங்களைப் பாருங்கள். ஒரே கயிற்றில் கிடக்கும் வள்ளத்தின் அணியம், அதாவது முன்பக்கம், காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்த்து நிற்கும். அணியம் கரையைப் பார்த்தால் இழுவை வெளிப்பக்கம். "அண்ணே, இண்டைக்கு நீர் எந்தப் பக்கம் இழுக்குது?" என்று படகோட்டியிடம் கேளுங்கள். நாள் முழுக்க அந்தக் கடலில் நிற்பவர் அவர்.

இறங்கியதும் இரண்டு நிமிடம் சும்மா மிதவுங்கள். ஒரு பாறையையும் அதன் பின்னால் தெரியும் மரத்தையும் ஒரே நேரில் வைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு சோடி, பக்கவாட்டில் ஒரு சோடி வேண்டும். முன்னால் உள்ளதை மட்டும் பார்த்தால் வெளியே போவது தெரியாது. இழுக்கும் பக்கத்துக்கு எதிராக முதலில் நீந்துங்கள். களைத்துத் திரும்பும்போது நீரே கொண்டுவந்து விடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை தூக்கிப் பாருங்கள்.

இழுபட்டுவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி, விசில் இருந்தால் மூன்று மூன்று தரமாக ஊதுங்கள். படகுகள் போய்வரும் இடம் இது, மிதந்துகொண்டிருப்பவரை எடுக்கலாம்.

பிள்ளைகளைக் காற்றடைத்த டியூபில் இருத்துபவர்களுக்கு: கச்சானில் அது பாய்மரம்.

பந்து

கடல் பக்கம் போனால் விட்டுவிடுங்கள். உங்களைவிட வேகமாகப் போகும்.

மூச்சை இழுத்திழுத்து முக்குளிப்பது

பத்துத் தரம் வேகமாக மூச்சு வாங்கினால் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது, காபனீரொட்சைட்டுத்தான் குறையும். மூச்சு விடச்சொல்லி உடம்பை நெருக்குவது அதுதான். நெருக்கம் வராமலே தண்ணீருக்கடியில் மயங்கிவிடுவீர்கள். சாதாரணமாக இரண்டு மூச்சு போதும். ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நின்று பார்க்கவேண்டும்.

மது

குடித்தவர் இறங்கக்கூடாது.

சுறா

கருநுனிச் சுறாக்கள் ஒதுங்கிப் போகும். துரத்தாதீர்கள், மறிக்காதீர்கள், தீனி போடாதீர்கள்.

முருகைக்கல்லில் கால் ஊன்றுவது

2003 முதல் இது தேசிய பூங்கா, முருகைக்கல்லைச் சேதப்படுத்துவது குற்றம். வேண்டுமென்று மிதிப்பவர் குறைவு. மாஸ்க்கில் தண்ணீர் வந்த பதற்றத்தில்தான் பெரும்பாலும் கால் இறங்கும். அந்த நேரம் மல்லாந்து படுத்து மாஸ்க்கைச் சரிசெய்யுங்கள். கிளைக்கல் ஒரு மிதியில் முறியும், உங்கள் காலிலும் கீறும். அந்தக் கீறல் இலகுவில் ஆறாது.

கல்லோடு கல்லாக, நச்சு முள்ளுள்ள கல்மீன் கிடந்தால் நிலைமை வேறு. குத்திய காலை, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை செல்சியஸ் நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருங்கள். வலியில் சூடு தெரியாது, ஆகவே நல்ல காலால் முதலில் சோதியுங்கள். ஒரு பிளாஸ்க் சுடுநீர் படகில் இருந்தால் போகும் வழியிலேயே தொடங்கலாம். காயத்தைக் கீறவேண்டாம், இறுக்கிக் கட்டவேண்டாம். படகில் ஏற்றியதும் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழைத்து, எந்தக் கரையில் இறங்குவீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.