குழந்தைகளுக்குக் கடலைச் சொல்லிக் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆறு வயதுக் குழந்தையிடம் கடல் ஆமையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் பெரியவர்கள் பலர், முதல் ஐந்து நிமிடத்துக்குள் மூக்கில் ஸ்ட்ரா குத்திய ஆமையைக் காட்டிவிடுகிறார்கள். ஆமை என்ன சாப்பிடும், எப்படி மூச்சு விடும், எங்கே முட்டையிடும் என்று எதுவும் தெரிவதற்கு முன்பே, அது செத்துக்கொண்டிருக்கும் பிராணி என்பது குழந்தையின் மனதில் பதிந்துவிடுகிறது. கடல் பாடங்களில் நான் பார்க்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான். ஒரு பிராணியை அறிமுகப்படுத்தாமலே அதைக் காப்பாற்றச் சொல்கிறோம்.

சின்னக் குழந்தையால் எண்ணெய்க் கசிவையோ கடல் சூடாவதையோ ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடியாத விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சில குழந்தைகள் பயந்துபோகும், சில குழந்தைகள் காதை மூடிக்கொள்ளும். எட்டு வயது வரைக்கும் பார்ப்பது, பெயர் சொல்வது, கேள்வி கேட்பது, படம் வரைவது போதும். பத்து, பதினொரு வயதில் இழப்புகளைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அப்போதும் அதைச் சரிசெய்ய இறங்கிய மனிதர்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

குஜராத்தின் திமிங்கலச் சுறா கதை அதற்குப் பொருத்தமானது. உலகிலேயே பெரிய மீன் அது. ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேராவல் பக்கத்துக் கடலில் அதை வேட்டையாடி வந்தார்கள். 2001-இல் சட்டம் தடுத்தது. ஆனால் கரையில் மனசு மாறியது 2004-இல் தொடங்கிய பிரச்சாரத்தால்தான். மொராரி பாபு என்ற கதாகாலட்சேபக்காரர், இந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று ஊர் ஊராகச் சொன்னார். வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்தார்கள். அறுந்த வலைக்கு அரசு ஈடு கொடுத்தது. இந்தக் கதையைக் கேட்கும் குழந்தைக்குச் சுறாவும் தெரிகிறது, சட்டமும் தெரிகிறது, வலை என்பது ஒரு குடும்பத்தின் முதலீடு என்பதும் தெரிகிறது.

நம் கரையில் இல்லாத கடல்

பெங்குவின், பனிக்கரடி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளை வரி போட்ட கோமாளி மீன் என்று பாட அட்டைகளில் இருப்பதெல்லாம் எங்கோ இருக்கும் கடல். பெங்குவினைப் பார்த்ததும் பெயர் சொல்லும் குழந்தைக்குத் தன் தட்டில் இருக்கும் சங்கராவும் நெத்திலியும் தெரிவதில்லை. தூரத்துக் கடலைச் சொல்லக் கூடாது என்பதில்லை. அதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது.

உலகில் கடல் ஆமைகள் ஏழு வகை. அதில் ஐந்து இந்தியக் கடலுக்கு வருகின்றன. ஐந்துக்கும் தமிழில் பெயர் உண்டு: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட ஏறுவது பங்குனி ஆமை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுவுக்கென்று ஒதுக்கியது. இந்தியாவில் அப்படி ஒதுக்கப்பட்ட முதல் இடம் அது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்தக் கடற்பசு புல் மேய்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, மூச்சு விட மேலே வருகிறது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஒரு ஆவுளியா செத்தால் அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

கடல் அருங்காட்சியகத்துக்குப் போக முடியாதவர்கள் காலையில் மீன் இறக்கும் இடத்துக்குப் போகலாம். காசிமேடு, பட்டினப்பாக்கம், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று எங்கே வேண்டுமானாலும். அப்போதுதான் இறக்கிய ஊசிக்கணவாய்க் குவியலில் ஒன்றை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த நிறப்பைகள் இயங்கும். கணவாய் நிறம் மாற்றுவது எப்படி என்று எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. கைகளை எண்ணச் சொன்னால் எட்டுக் குட்டைக் கைகளும், இரை பிடிக்கும் இரண்டு நீளக் கைகளும் வரும். பக்கத்துக் கூடையில் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், கிடந்தால் அதில் எட்டோடு சரி. கரையில் பொறுக்கும் வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது, ஓட்டுக்கணவாயின் உடம்புக்குள் இருந்து அதை மிதக்க வைத்தது. மீன் விற்கும் அக்காவிடமே பெயர் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு நிறையத் தெரியும்.

இரக்கம் வரவழைக்கச் சொல்லும் பொய்

முட்டையிடும் ஆமையின் கண்ணிலிருந்து நீர் வடியும். "பார், பிரசவ வலியில் அழுகிறது" என்று சொல்லிக் கொடுப்பவர்களை நானே கேட்டிருக்கிறேன். உண்மையில் அது உப்பு. கடல்நீரோடு உள்ளே போகும் அதிகப்படி உப்பை ஆமை கண்ணருகே இருக்கும் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, கடலுக்குள் இருக்கும்போதும் அப்படித்தான். டால்பின் சிரிப்பதும் சந்தோஷத்தால் இல்லை, அதன் தாடை அமைப்பு அப்படி. திமிங்கலம் தலையிலிருந்து ஊற்று மாதிரி தண்ணீர் பீய்ச்சுவதாக வரைகிறோம். அது விடும் மூச்சுக்காற்றில் இருக்கும் ஈரம்தான் அப்படித் தெரிகிறது.

இவை சின்னப் பொய்கள்தானே, குழந்தைக்குப் பிடித்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மை இன்னும் அதிகமாகப் பிடிக்கும் என்பதுதான் என் பதில். கண் வழியாக உப்பைத் தள்ளும் பிராணி என்று சொன்னதும் குழந்தைகள் கேட்கும் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும். மீன் என்ன செய்யும், கடற்பறவை என்ன செய்யும், நாம் கடல்தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று போய்க்கொண்டே இருக்கும். பதில் தெரியாவிட்டால் "தெரியலம்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, மறக்காமல் சொல்லவும் வேண்டும்.

இன்னொரு பக்கம், அழகில்லாத பிராணிகளைக் கெட்டவர்களாக்கும் பழக்கம். சுறா என்றால் பல்லும் இரத்தமும்தான். சுறாவில் ஐந்நூறு வகைக்குக் கிட்ட இருக்கிறது, பெரும்பாலானவை மனிதரை நெருங்குவதே இல்லை. பல வகைகள் தாமதமாக வளர்ந்து, குறைவாகக் குட்டி போடுபவை. மற்ற மீன்களைப் பிடிக்கும் அளவுக்கு அவற்றையும் பிடித்தால் தாங்காது. சொறிமீனும் (ஜெல்லி மீன்) கடல் அட்டையும் பவளமும் இதே கணக்கில் விடுபட்டுப்போகின்றன. பவளம் என்பது ஆயிரக்கணக்கான சிறு உயிரிகள் சேர்ந்து கட்டியது என்று சொல்லாமல் பாறையாகவே காட்டினால், அது வெளுத்துப்போவது குழந்தைக்குப் புரியாது. கடல்நீர் வாரக்கணக்கில் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால், பவளத்துக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. நிறமும் அதோடு போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இது நடந்தது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, சீக்கிரம் நீர் குளிர்ந்தால் தேறும். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீனவரை வில்லனாக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பள்ளி நாடகங்களில் ஆமையைக் கொல்பவர் எப்போதும் லுங்கி கட்டிய மீனவராகவே வருகிறார். கடற்கரை ஊர்ப் பள்ளியில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் சிலருடைய அப்பா அன்று காலைதான் கடலுக்குப் போய் வந்திருப்பார்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. குழந்தைகள் ஏன் என்று கேட்டால் நேராகச் சொல்லலாம். ஆமைக்கு நுரையீரல் உண்டு, மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் பெரிய வலையான இழுவைமடியில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். இழுவைமடி போடும் விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையோரத்தில்தான். கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது, ஆமைக் காலமோ அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வலையில் ஆமை தப்பிக்கும் கதவு வைக்கலாம். ஆனால் அதன் வழியாக மீனும் கொஞ்சம் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். சிறு படகில் செவுள்வலை போடுபவரும் விசைப்படகு முதலாளியும் ஒருவரல்ல.

இவ்வளவையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும். கெட்டவன் ஒருவனைக் காட்டுவதைவிட இது கடினம், ஆனால் அவர்கள் வாதாடுவார்கள், தீர்வு தேடுவார்கள். பாக் விரிகுடாவில் வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை பாராட்டி வெகுமதி கொடுத்திருக்கிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மீனவரையே வகுப்புக்கு அழையுங்கள்.

கையில் எடுத்துப் படம் பிடிப்பது

நட்சத்திர மீனை நீரிலிருந்து தூக்கி நிறுத்திப் படம் எடுப்பது, நண்டை டப்பாவில் அடைப்பது, உள்ளே துறவி நண்டு இருக்கிறதா என்று பார்க்காமலே சங்கைப் பையில் போடுவது. இதெல்லாம் குழந்தைகள் தாங்களாகச் செய்வதைவிடப் பெரியவர்கள் செய்துகாட்டிப் பழக்குவதுதான் அதிகம். தொடாமல் குனிந்து பார்க்கப் பழக்குவது நம் வேலை. கரை ஒதுங்கிய நீலச் சொறிமீனைக் காய்ந்திருந்தாலும் தொடக் கூடாது, அதன் கொடுக்கு அப்போதும் கொட்டும்.

ஆமைக் குஞ்சு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பாவம் என்று வாளித் தண்ணீரில் போடுவார்கள், கடலுக்குள் கொண்டுபோய் விடுவார்கள். குஞ்சு மணலில் தானே ஊர்ந்து கடலைச் சேர வேண்டும், நீந்துவதற்கு அது சேமித்து வைத்திருக்கும் சத்தை வாளியில் வீணாக்கக் கூடாது. வெளிச்சம் அதிகமுள்ள திசையை நோக்கிப் போவது அதன் இயல்பு. தெருவிளக்கோ ஃபோன் டார்ச்சோ இருந்தால் ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். குஞ்சுகளை விடுவதற்கு முன் குழந்தைகளுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. குஞ்சு போகும் பாதையில் இருக்கும் காலடித் தடங்களைக் கையால் தடவிச் சமமாக்குவது. நம் கால் பதிந்த குழி அவ்வளவு சின்னக் குஞ்சுக்கு ஏறிவர முடியாத பள்ளம்.

கடற்கரையைச் சுத்தம் செய்வது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், குப்பை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாது. பொறுக்கியதைக் கொட்டிப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள்: பால் பாக்கெட், ஷாம்பு சாஷே, அறுந்த வலை என்று. அடையாற்றின் முகத்துவாரத்தில் கிடைப்பதற்கும் மீன்பிடிக் குப்பத்தருகே கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும். கடற்பாசியையும் அடும்புக் கொடியையும் குப்பை என்று பிடுங்க விடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வசதி இருக்கிறது. 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு பருவத்திலும் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. பொதுமக்களும் கூட நடக்கலாம். ஆனால் நள்ளிரவில் மணலில் பல கிலோமீட்டர் நடப்பது சின்னக் குழந்தைகளால் ஆகாது. அவர்களைக் குஞ்சுகளை விடும் மாலைகளுக்குக் கூட்டிப்போங்கள். பெரிய பிள்ளைகளை நடைக்குக் கூட்டிப்போகும்போது, ஆமையே வராமல் போகலாம் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த முறையும் வருகிறேன் என்று சொல்லும் பிள்ளை, அப்படிச் சொல்லி அழைத்துப்போன பிள்ளையாகத்தான் இருக்கும்.