விண்மீன் ஒளியை வைத்து ஒரு வாயு மேகத்தின் வேகத்தை அளப்பது எப்படி?

சூரியனைச் சுற்றிச் சில பத்து ஒளியாண்டு தூரத்துக்குள்ளேயே மெல்லிய வாயு மேகங்கள் நிறைய இருக்கின்றன. படம் எடுத்தால் தெரியாது. பின்னால் இருக்கும் விண்மீனின் நிறமாலையில் (அலைநீள வாரியாகப் பிரித்த ஒளியில்) அவை பதிக்கும் ஒரு ஒல்லியான உறிஞ்சு கோடுதான், அதாவது வாயு ஒளியை விழுங்கிய இடம்தான், தடயம். மேகம் நகர்ந்தால் அந்தக் கோடு தன் வழக்கமான அலைநீளத்திலிருந்து சற்று விலகும், அந்த விலகலே வேகத்தைச் சொல்லும். அதை வீட்டுக் கணினியிலேயே அளக்கலாம், பைத்தான் நிரல்மொழியும் அதன் வானியல் தொகுப்பான ஆஸ்ட்ரோபையும் போதும்.

முதலில் விண்மீன். பாதி வேலை இந்தத் தேர்வில்தான். சூடாகவும் வேகமாகச் சுழல்வதாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் சுழற்சி அதன் சொந்தக் கோடுகளை அகலமான பள்ளமாக்கிவிடும், மேகத்தின் கோடு அந்தப் பள்ளத்துக்குள் ஊசி குத்தியது போல் தனியே நிற்கும். ரசல்ஹேக், அதாவது ஆல்ஃபா ஒஃபியூகி, அருமையான தொடக்கம்: சுமார் 48 ஒளியாண்டு தூரம், வினாடிக்கு 200 கி.மீ.க்கு மேல் சுழற்சி. இந்தத் திசையில் மேகம் இருப்பதை முன்ச், உன்சோல்ட் என்ற வானியலாளர்கள் 1962-லேயே கண்டார்கள்.

அடுத்து, பொது ஆவணங்களில் இதன் நிறமாலையைத் தேடுங்கள். பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) 1,00,000 அளவில் இருந்தால் வினாடிக்கு 3 கி.மீ. வேக வித்தியாசம் வரை பிரித்துப் பார்க்கலாம் (இனி வரும் வேகங்களும் வினாடிக்குத்தான்). சோடியம் கோடுகளைப் புதியவர்கள் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், நம் காற்றின் நீராவிக் கோடுகள் அங்கே மொய்க்கும். கால்சியத்தின் 'கே' எனப்படும் கோடுதான் நல்லது: 3933.66 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு).

இந்த எண் காற்றில் அளந்த அலைநீளம். கோப்பில் வெற்றிட அலைநீளம் இருந்தால் 3934.78 என்று எடுங்கள், மாற்றிப் போட்டால் வேகத்தில் 85 கி.மீ. பிழை வரும். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்துக்கான திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் கோப்பின் தலைப்பில் பாருங்கள், அது மட்டுமே 30 கி.மீ. வரை போகும்.

சரி, இப்போது வரைபடம். ஊசிக்கோட்டின் இரு பக்கமும் ஒரு ஆங்ஸ்ட்ராம் எடுத்து, கோட்டை விட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஒரு மென்மையான வளைவு பொருத்தி அதால் வகுங்கள். கோட்டின் அடிப்புள்ளி, காற்று அலைநீளத்தில், 3933.32 பக்கம் வரும். 0.34 குறைவு, அதை 3933.66-ஆல் வகுத்து ஒளியின் வேகமான 2,99,792-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட −26 கி.மீ. கழித்தல் குறி என்றால் மேகம் நம்மை நோக்கி வருகிறது, விண்மீனோ விலகிப் போகிறது. அப்படியானால் கோடு விண்மீனுடையது இல்லை. 1904-ல் வானியலாளர் ஹார்ட்மன் டெல்டா ஒரியானிஸ் என்ற விண்மீனில் கண்டதும் இதே முரண்தான்: இரட்டை விண்மீனின் மற்ற கோடுகள் முன்னும் பின்னும் ஆட, கால்சியம் கோடு மட்டும் அவற்றோடு ஆடவில்லை.

மேகம் 48 ஒளியாண்டுக்குள் இருக்கிறது என்பது இதோடு உறுதி. அப்புறம் அதே திசையில் இன்னும் அருகிலுள்ள விண்மீன்களைப் பாருங்கள். அதே வேகத்தில் கோடு வந்தால் மேகம் அதற்கும் முன்னால் இருக்கிறது.