தமிழில் பெயர் போட்டால் மட்டும் 400 பிழை: காரணம் கன்டென்ட்-லெங்த்

கடையில் ஓடும் பில்லிங் செயலியிலிருந்து சர்வருக்கு வாடிக்கையாளர் விவரம் போகவேண்டும். ஆங்கிலத்தில் பெயர் போட்டால் போகிறது, தமிழில் போட்டால் 400 பிழை, அதாவது கோரிக்கை தவறானது என்ற சர்வரின் பதில். சர்வர் லாகில், விவரங்களை அனுப்பும் உரை வடிவமான ஜேசன் (JSON) பாதியிலேயே முடிந்துவிட்டதாக வந்தது. அதே ஜேசனை கர்ல் (curl) என்ற கட்டளைவரிக் கருவி வழியாக அனுப்பினால் ஒழுங்காகப் பதிவாகிறது, ஆக சர்வர் பக்கம் கோளாறு இல்லை என்று தெளிவாகிவிட்டது.

அப்புறம் சோதனை சர்வரை மறையாக்கம் இல்லாத வெறும் ஹெச்டிடிபியில் ஓடவிட்டு, நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தேன். செயலி முழு ஜேசனையும் அனுப்புகிறது, ஆனால் அனுப்பும் உள்ளடக்கத்தின் அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் (Content-Length) ஹெட்டரில் இருக்கும் எண் சிறியது. சாக்கெட்டில் நேரடியாக எழுதும் பழைய கோடு அது, சரத்தின் (string) நீளத்தை, அதாவது எழுத்துக் குறிகளின் எண்ணிக்கையையே அந்த ஹெட்டரில் போட்டிருந்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 5 என்று நிரல் சொல்லும், எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். ஹெட்டர் கேட்பது பைட் கணக்கு, அதனால் சர்வர் ஹெட்டரில் சொன்ன அளவு மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. இதில் மோசமான விஷயம், இணைப்பு திறந்தே இருந்தால் மிச்சமான பைட்டுகள் அடுத்த கோரிக்கையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளப்படும். சில நேரம் ஆங்கிலப் பெயர்களும் விழுந்தது இதனால்தான், ரொம்பவே குழப்பிய இடம் அது.

சரி, தீர்வு சின்னதுதான்: முதலில் சரத்தை யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி, அந்த பைட் வரிசையின் நீளத்தை ஹெட்டரில் போட்டு, அதே வரிசையை அனுப்பினேன். புதிதாக எழுதுபவர்கள் ஹெச்டிடிபி நூலகத்திடமே ஹெட்டரை விட்டுவிடுங்கள், கையால் போடவே வேண்டாம்.