ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெஷின் லேர்னிங் (டேட்டாவைக் காட்டிக் கணினியைக் கற்க வைப்பது) படித்துவிட்டு ரோபோட்டிக்ஸ் பக்கம் வருபவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. பேக்கப் எடுக்காதது, கேமராவை கேலிபரேட் செய்ய மறந்தது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன், ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடுவார்கள். கீழே இருப்பவை அப்படித் திருந்தாதவை.

வேலிடேஷன் லாஸை நம்பி ரோபோவை நம்புவது

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். வேலிடேஷன் லாஸ் என்பது, பழக்கும்போது காட்டாமல் ஒதுக்கிவைத்த டேட்டாவில் மாடல் செய்யும் பிழையின் அளவு. ரோபோ கையைத் தாங்களே இயக்கி, கோப்பையை எடுத்துத் தட்டில் வைப்பதை நூற்றுக்கணக்கில் பதிவு செய்கிறார்கள் (இவைதான் டெமோக்கள், ஒரு முழுப் பதிவு ஒரு எபிசோட்). அப்புறம் எல்லா ஃபிரேம்களையும் (பதிவின் தனித்தனிப் படங்கள்) ஒன்றாகக் கலைத்து, டிரெய்னிங்குக்கு 80, வேலிடேஷனுக்கு 20 என்று பிரிக்கிறார்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் பதிவில் அடுத்தடுத்த இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒன்று டிரெய்னிங்கிலும் அடுத்தது வேலிடேஷனிலும் போய் உட்கார்ந்தால் லாஸ் குறையாமல் என்ன செய்யும்! கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை அது.

சரி, முழு எபிசோடாகப் பிரித்துவிட்டால் போதுமா? போதாது. வேலிடேஷனில் மாடல் பார்ப்பதெல்லாம் மனிதர் இயக்கிய பாதையில் எடுத்த படங்கள், ஆனால் ஓடவிட்டதும் ரோபோ தன் சின்னச் சின்னப் பிழைகளால் அந்தப் பாதையை விட்டு விலகிவிடும். சமீபத்தில் ஒரு பையன் காட்டியதில் கிரிப்பர் (ரோபோ கையின் பிடிப்பான்) கோப்பைக்கு ஒரு விரற்கடை தள்ளி இறங்கியது, காற்றைப் பிடித்தது, வெறுங்கையோடு தட்டுக்கு மேலே போய் நிதானமாகத் திறந்தது. தவறவிட்டால் என்ன செய்வது என்பது அவன் டேட்டாவில் எங்கேயும் இல்லை. சொதப்பிப் பின் சமாளித்த டெமோக்களையெல்லாம் "சுத்தம் செய்கிறேன்" என்று அவனே அழித்திருந்தான். அதற்குப் பிறகும் மாடலின் நியூரல் நெட்வொர்க்கைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாரக்கணக்கில் ஜிபியு நேரத்தை எரித்தானே தவிர, டேட்டாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1980களின் கடைசியில் கார்னகி மெலனில் டீன் பொமர்லோ நியூரல் நெட்வொர்க்கால் வண்டி ஓட்டிய ஆல்வின் திட்டத்திலேயே இது தலைகாட்டிவிட்டது. ஒழுங்காக ஓட்டியதை மட்டும் பார்த்துப் பழகினால் விலகிய வண்டியைத் திருப்பத் தெரியாது என்பதால், கேமரா படங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதற்கேற்ற ஸ்டீயரிங் திருப்பத்தையும் சேர்த்துப் பழக்கினார். 2011இல் வந்த டேகர் முறையில் மாடலையே ஓடவிட்டு, அது போய் மாட்டிக்கொள்ளும் இடங்களில் நிபுணர் என்ன செய்வார் என்று கேட்டு டேட்டாவில் சேர்ப்பார்கள். டெமோவை மட்டும் பார்த்துப் பழகிய மாடலில், வேலையின் நீளம் இரட்டிப்பானால் பிழை மோசமான நிலையில் நான்கு மடங்காகலாம் என்று கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். அதனால் முதல் மாடல் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் சீக்கிரம் ரோபோவில் ஏற்றுங்கள், எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே டேட்டா எடுங்கள்.

பத்துக்குப் பத்து

10 முறை ஓட்டி 10ம் வெற்றி என்றாலும், உண்மையான தோல்வி விகிதம் 25 சதவீதமாக இருக்க இன்னும் இடமிருக்கிறது. 95 சதவீத நம்பக எல்லையை (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) போட்டுப் பாருங்கள்.

ஒரே ரேண்டம் ஸீட்

வேண்டாம். பழக்குவதில் வரும் தற்செயல்களைத் தீர்மானிக்கும் தொடக்க எண் அது, ஒன்றை மட்டும் வைத்துக் கிடைத்த முடிவு வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

சிமுலேஷன் வீடியோவோடு வேலை தேடுவது

கணினிக்குள் மட்டும் ஓடும் ரோபோவின் வீடியோ அழகாகத்தான் இருக்கும். நேர்முகத்தில் நான் கேட்பது வேறு: கேமரா படம் பிடித்ததிலிருந்து மோட்டாருக்குக் கட்டளை போய்ச் சேர எத்தனை மில்லிவினாடி ஆனது, அதை எப்படி அளந்தீர்கள்? நிஜ ரோபோவைத் தொட்டவர்கள் உடனே ஒரு எண்ணைச் சொல்லி, கூடவே அதைப் பற்றிப் புலம்பவும் செய்வார்கள்.