பழைய வண்டி இன்ஜினைக் கழற்றும் முன்

சேலத்தில் பழைய நூறு சிசி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஏற்காடு மலைப்பாதைதான் பரீட்சை. அடிவாரம் தாண்டியதும் வண்டி திணறும். "போர் போயிடுச்சு", அதாவது சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டது என்று பின்னால் உட்கார்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மெக்கானிக்கிடம் கொடுக்கக் காசு இல்லை, சரி, நாமே பிரித்துப் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுப்போம். காரணம் தெரியாமல் இன்ஜினைத் திறக்கிற இந்த அவசரத்தில்தான் பணம் அதிகம் போகிறது.

மலையில் இழுவை ஓரளவு குறைவது இயல்பு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேரும்போது காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் போலக் குறைந்திருக்கும். காற்றோடு பெட்ரோலைக் கலந்து விடும் கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட கணக்கிலேயே பெட்ரோலை விடும். பெட்ரோல் அதிகமாகி, பிளக் கறுத்து, வண்டி சோர்ந்துவிடும். இதற்காகச் சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட்டு மலைக்கு ஏற்றபடி டியூன் செய்துவிட்டு, அப்படியே சேலத்துச் சித்திரை வெயிலில் ஓட்டினால் நேர் எதிர் வேலை நடக்கும். பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கும், பிஸ்டன் ஜாம் ஆகலாம். மலையில் வண்டி எப்படி ஓடுகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கீழே, சமதளத்தில் எப்படி இழுக்கிறது என்று பாருங்கள்.

அங்கேயும் இழுக்கவில்லையென்றால் முதலில் செலவில்லாத இடங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வீசிவிட்டு "இப்ப பிக்கப் சூப்பர்" என்பவர்களை நம்ப வேண்டாம். மேக்னசைட் சுரங்கப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தத் தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தேய்த்துத் தள்ளும். ஃபோம் ஃபில்டரைக் கழுவலாம், பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. கார்புரேட்டர் ஜெட்டில் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மைலேஜ் போச்சு. பஞ்சர் கடையில் காற்று அடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசியும், பார்ப்பதற்கு ரிங் போன மாதிரியே இருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவில் வையுங்கள்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றி ஓட்டையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். மெதுவாகச் சில தடவை கிக்கரை மிதித்து ஆயிலைப் பரப்பிவிட்டு, பிளக்கை மாட்டி மறுபடி மிதியுங்கள். தொளதொளவென்று இறங்கிய கிக்கர் இப்போது காலை எதிர்த்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வு பக்கம் பாருங்கள். ஹீரோ ஹோண்டா மாதிரி சிலிண்டர் படுத்திருக்கும் வண்டிகளில் ஆயில் ஒரு பக்கமே தேங்கும், அதனால் முடிவை முழுசாக நம்ப முடியாது. புகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் முறுக்கும்போது நீலப் புகை என்றால் ரிங். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மட்டும் நீலம் என்றால் பெரும்பாலும் வால்வு சீல். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் வரும் வெள்ளை ஆவி நோயே இல்லை, வண்டி சூடானதும் நின்றுவிடும்.

ரிங்தான் என்று தெரிந்த பிறகு செய்கிற தவறு, சிலிண்டரை அளக்காமல் ரிங் செட் மட்டும் வாங்கி மாட்டுவது. வட்டமாக இருந்த சிலிண்டர் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் புது ரிங் அதில் உட்காராது. சில மாதத்தில் மறுபடி புகை, மறுபடி கேஸ்கட் (இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் தகடு), மறுபடி ஒரு ஞாயிறு. சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு படியில் தட்டினால் நேராக லேத் பட்டறைக்குத்தான். போர் போட்டு, அதாவது சிலிண்டரை மறுபடி வட்டமாகக் கடைந்து, சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டுவது முதலில் கூடுதல் செலவு, ஆனால் ஒரே செலவு. கழற்றி மாட்டும் கூலியை மிச்சம் பிடியுங்கள், அளக்கிற வேலையில் பிடிக்காதீர்கள். பழைய ஹெட் கேஸ்கட்டைத் திரும்பப் போடுவதும் அந்த ரகம்தான்.

மாட்டும்போது கேஸ்கட் பேஸ்ட்டை அள்ளிப் பூசாதீர்கள். பிதுங்கி உள்ளே போனது ஆயில் வழியை அடைக்கும். அலுமினியத்தில் மரை எளிதில் போய்விடும். டிரெயின் போல்ட்டுக்கு நீளக் குழாய் மாட்டி இறுக்குவது, இன்ஜின் சூடாக இருக்கும்போதே பிளக்கைத் திருகுவது இரண்டும் வேண்டாம். மரை போனால் அதைச் சரிசெய்யும் செலவில் பல தடவைக்கு ஆயில் வாங்கலாம்.

ஆயில் என்றதும் கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றுபவர்கள் உண்டு. கியர் பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. சில கார் ஆயில்களின் வழுக்கலில் கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ (JASO MA, இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறி) என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

மேக்னட்டை (கரண்ட் தயாரிக்கும் காந்தச் சக்கரம்) சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், அதற்குப் புல்லர் இருக்கிறது. வால்வு சீட், கிராங்க் வேலைகள் பட்டறைக்கே. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவும் கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

போர் போட்ட வண்டியை முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல், ஒரே வேகத்திலேயே நீளமாக ஓட்டாமல் பழக்குங்கள். அதற்குப் பிறகு ஆயிலை மாற்றிவிட்டு, முதல் தடவை குப்பனூர் வழியாகவோ அடிவாரம் வழியாகவோ தனியாக ஏறிப் பாருங்கள். தீர்ப்பு சொல்பவரை அடுத்த தடவை ஏற்றிக்கொள்ளலாம்.