இளவயதில் போன பிள்ளைக்குக் கல்வெட்டு அடிப்பது

இறந்த 31ஆம் நாள் மதிய போசனத்துக்கு வருபவர்கள் கையில் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகம், எண்பது வயதில் போனவருக்கென்று அமைந்த வடிவம். பிறப்பு, படிப்பு, உத்தியோகம், கலியாணம், பேரப்பிள்ளைகள் என்று வரிசை போகும். 22 வயதுப் பிள்ளைக்கு அது படிப்போடு நின்றுவிடும். மிச்சப் பக்கங்களை அச்சகத்தில் தேவாரத்தால் நிரப்பித் தந்துவிடுவார்கள். பஞ்சபுராணம் ஐந்து பாட்டும் இருக்கட்டும். மற்றப் பக்கங்கள் பிள்ளைக்கு.

முதல் வாரத்திலேயே கைபேசியைப் பாருங்கள். சிம்மை நிறுத்த அவசரப்படாதீர்கள். 120 நாள் பாவிக்காத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக அழிக்கப்பட்டுவிடும். பிள்ளை அனுப்பிய குரல் பதிவுகளை நண்பர்களிடம் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். படங்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஏ5 பக்கம் முழுக்க ஒரு படம் வர 1748×2480 பிக்சல் வேண்டும். குறைந்தால் முகம் மங்கி அடிபடும்.

நண்பர்களிடம் ‘நாலு வரி எழுதித் தாருங்கோ’ என்றால் ‘நல்லவன், சிரித்த முகம்’ என்றுதான் வரும். ‘அவன் கடைசியாக உங்களோடு எதற்குச் சண்டை பிடித்தான்?’, ‘சைக்கிளில் யாரை ஏற்றிக்கொண்டு போவான்?’ என்று கேளுங்கள். பள்ளிக் கொப்பியில் அவன் கையெழுத்துள்ள ஒரு பக்கத்தை, ஓரத்தில் கிறுக்கிய படத்தோடு, அப்படியே ஸ்கேன் செய்து போடுங்கள். அச்சகத்தின் ‘குலவிளக்கே, உத்தமனே’ புலம்பலை விட அந்தப் பக்கத்தைத்தான் அம்மா திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பா. இறந்த விதம் எழுத வேண்டியதில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா, தேய்பிறையா), திதி நாலும் சரியாக இருக்க வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில்தான் மாறும்: 2026 பெப்ரவரியில் இறந்தவருக்கு விசுவாவசு, அதே ஆண்டு மே மாதம் என்றால் பராபவ. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடும் என்பதால், வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பது என்பதைக் குருக்களிடம் முதலே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இறந்திருந்தால் நேரத்தையும் ஊரையும் சேர்த்துக் கொடுங்கள். கோடையில் ரொறன்ரோவில் இரவு 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 6.30. பழைய வெண்பாவில் பெயரை மட்டும் மாற்றித் தந்தால் தளை தட்டி ஓசை கெடும். முதல் மூன்றடியில் நாலு நாலு சீர், கடைசியில் மூன்று, மொத்தம் 15 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

மனஸ்தாபம் வருவது உறவுப் பட்டியலில்தான். ‘காலஞ்சென்ற கந்தையா, பொன்னம்மா தம்பதியரின் பேரனும்’ என்று அச்சானால் பொன்னம்மா இருக்கிறாவா இல்லையா? இருவரும் போய்விட்டால் ‘காலஞ்சென்றவர்களான’. ஒருவர் இருந்தால் இருப்பவரை முன்னே எழுதி, மற்றவர் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ போடுங்கள். பெறாமக்கள் (சகோதரரின் பிள்ளைகள்), மச்சான்மார் பெயர்களைத் தாய்வழிக்கு ஒருவர், தந்தைவழிக்கு ஒருவர் தனித்தனியே சரிபார்க்கட்டும்.

நாள் எண்ணும்போது இறந்த நாளே முதல் நாள். 12ஆம் நாளுக்குள் எல்லாம் சேர்ந்து, 18ஆம் நாள் அச்சகத்துக்குப் போனால்தான் இரண்டு முறை புரூவ் (பிழை பார்க்கும் மாதிரி அச்சு) பார்க்கலாம். பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருதான். நீங்கள் யூனிகோடில் அனுப்பியதை மாற்றும்போது ‘ஸ்ரீ’ உடையலாம்; இடையில் வரும் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அதனால் புரூவைத் தாளில் வாங்கிப் படியுங்கள். முன்னைய கல்வெட்டின் மேல் அழித்து எழுதுவதால் வேறொருவரின் ‘பேரப்பிள்ளைகள் புலம்பல்’ தங்கியிருக்கும், அதையும் தேடுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நாலின் மடங்காக வேண்டும். உள்ளே 24 தாராளம். பிரதி வீட்டுக்கு ஒன்று என்று கணக்கிட்டு, வெளிநாட்டு உறவுகளுக்கு 25 கூட்டுங்கள். அச்சுக்குப் போன பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். ‘நூலகம்’ இணைய நூலகத்தில் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். கொடுப்பதென்றால் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் உள்ள நன்றிப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.